கட்டுக்கம்பியில் ஒரு துண்டு மெயில்: ரிவெட் பிடித்த கதை

கடைசியில் ரிவெட், அதாவது வளையத்தின் முனைகளைச் சேர்த்துப் பிடிக்கும் நசுக்கிய ஆணி, பிடித்துவிட்டது. முனைகளைத் தட்டி, துளைத்து, ஆணி இறக்கி மூடிய ஒற்றை வளையத்தைக் கொக்கியில் மாட்டி, பெட்டி எடை பார்க்கும் தராசால் இழுத்தேன். 30 கிலோ தாண்டியும் பிரியவில்லை, முட்டை வடிவத்தில் நீண்டதோடு சரி. அதே கம்பியில் முனைகளை வெறுமனே முட்டவைத்து மூடிய வளையம் 6 கிலோவிலேயே வாயைத் திறந்துவிட்டது. இடைக்கால ஐரோப்பியப் போர்வீரர்கள் அணிந்த ‘மெயில்’ என்ற இரும்பு வளையச் சட்டையில் ஒரு கையகலத் துண்டையாவது அந்தக் காலத்து முறையிலேயே செய்துவிட வேண்டும் என்று தொடங்கிய வேலை இது. அளவு, செலவு, எங்கே இடறியது எல்லாவற்றையும் எழுதிவைக்கிறேன். இதை முயல்கிறவர்களுக்குப் பாதி நேரமாவது மிச்சமாகும்.

வேலைக்கு முன்னால் பெயரைக் கொஞ்சம் ஒழுங்குசெய்ய வேண்டியிருந்தது. இணையத்தில் ‘செயின்மெயில்’ என்று தேடினால் நகை செய்கிறவர்களின் அலுமினிய வளையம்தான் முதலில் வந்து நிற்கிறது. கம்ப்யூட்டர் விளையாட்டுப் பிரியர்களைக் கேட்டால் ரிங் மெயில், ஸ்கேல் மெயில், ஸ்ப்ளின்ட் மெயில், பிளேட் மெயில் என்று ஒரு பட்டியலே ஒப்பிப்பார்கள். அந்தக் காலத்துக்காரர்களுக்கு ‘மெயில்’ என்றால் ஒன்றே ஒன்றுதான்: வளையத்துக்குள் வளையம் கோத்த இரும்பு வலை. பழைய பிரெஞ்சு வழியாக வந்த சொல், அடிவேர் வலைக்கண்ணைக் குறிக்கும் லத்தீன் ‘மாகுலா’. முன்னால் ‘செயின்’ ஒட்டிக்கொண்டது பிற்பாடு. பிரான்சிஸ் க்ரோஸ் என்ற ஆங்கிலேயப் பழம்பொருள் ஆய்வாளர் 1786இல் மெயிலை செயின், பிளேட் என்று இரண்டாகப் பிரித்து எழுதினார். 1824இல் சாமுவேல் ரஷ் மெய்ரிக் என்ற இன்னொரு ஆய்வாளர் அதை இன்னும் பல வகையாக விரித்தார்.

மெய்ரிக் எப்படி வழிதவறினார் என்பது சுவாரசியமான விஷயம். கல்லறைச் சிற்பத்திலும் ஏட்டு ஓவியத்திலும் ஆயிரக்கணக்கான வளையங்களை ஒவ்வொன்றாக யார் செதுக்கிக்கொண்டிருப்பார்கள்? ஒரு கலைஞர் வரிசையாகப் பிறைக்கோடு போட்டார், இன்னொருவர் குறுக்கும் நெடுக்கும் கட்டம் போட்டார், மற்றொருவர் சின்னச் சின்ன வட்டம் போட்டார். எல்லாமே ஒரே பொருளின் சுருக்கக் குறிகள். மெய்ரிக் ஒவ்வொரு கோட்டு வகையையும் தனித்தனிக் கவசமாக எடுத்துக்கொண்டார். கிளாட் பிளேர் போன்ற பிற்கால ஆய்வாளர்கள் இந்தப் பட்டியலைத் தள்ளிவிட்டார்கள், ஆனாலும் விளையாட்டு உலகில் அது இன்னும் சௌக்கியமாக வாழ்கிறது. (நம் அகராதிகளில் கவசத்துக்கு ‘சாலிகை’ என்று ஒரு சொல் உண்டு. அதுவும் வலையைக் குறிக்கும் வடமொழி ‘ஜால’த்தின் வழி வந்ததுதான்.)

மெயிலில் செய்த உடுப்புகளுக்கோ தனித்தனிப் பெயர்கள் உண்டு. முழங்கால்வரை தொங்கும் சட்டை ‘ஹாபர்க்’. பழைய ஜெர்மானியத்தில் கழுத்தைக் காப்பது என்று பொருள்படும் சொல், எப்படியோ முழுச் சட்டைக்கும் பெயராகிவிட்டது. தலையை மூடுவது ‘கோய்ஃப்’. தலைக்கவசத்தின் விளிம்பிலிருந்து கழுத்தை மறைத்துத் தொங்குவது ‘அவென்டெய்ல்’. வாங்கப் போகிறவர்கள் இந்தப் பெயர்களைவிட ஒரு கேள்வியை நினைவில் வைத்துக்கொண்டால் போதும்: ரிவெட் அடித்ததா, வெறும் முட்டவைத்ததா? விலையும் உறுதியும் அதில்தான் இருக்கின்றன.

சரி, கம்பி. இதற்கென்று எங்கோ தேட வேண்டியதே இல்லை. கட்டடக் கம்பிகளைக் கட்டும் கறுப்புக் கட்டுக்கம்பி, கரியச்சத்து குறைந்த மிருதுவான இரும்பு. ஆலையிலேயே சூடாக்கி ஆறவைத்து இளக்கித்தான் அனுப்புகிறார்கள். இரும்புக் கடையில் பொதுவாக 18 கேஜும் 20 கேஜும் இருக்கும் (கேஜ் எண் ஏற ஏறக் கம்பி மெலியும்). 16 கேஜ், அதாவது சுமார் 1.6 மி.மீ., கொஞ்சம் விசாரித்தால் கிடைக்கும். கிலோ 95 ரூபாய்க்கு 16 கேஜ் ஒரு கிலோ வாங்கினேன். பளபளவென்று இருக்கிறதே என்று ஜி.ஐ. கம்பியை மட்டும் எடுத்துவிடாதீர்கள். அதன் மேல் துத்தநாகப் பூச்சு இருக்கிறது. நெருப்பில் காட்டினால் வரும் வெள்ளைப் புகையைச் சுவாசித்தால் குளிர்காய்ச்சல் மாதிரி ஆளைப் போட்டுவிடும்.

முதல் கட்டம் சுருள். 10 மி.மீ. ராடின் ஒரு முனையில் குறுக்குத் துளை போட்டு, கம்பியைச் செருகி, மறுமுனையை எல் வடிவத்தில் வளைத்துக் கைப்பிடியாக்கினால் சுருட்டும் கருவி தயார். வைஸில் இரண்டு மரத்துண்டுகளுக்கு நடுவே ராடைப் பிடித்துச் சுற்றலாம். கம்பியை இடது கையால் இழுத்துப் பிடித்துக்கொண்டே சுற்ற வேண்டும், தளர்ந்தால் வளையங்கள் பெரிதும் சிறிதுமாக வரும். கையுறை அவசியம். கட்டுக்கம்பியின் கறுப்பும் எண்ணெயும் கையில் ஒட்டினால் சோப்புக்கு மசியாது.

சுருளை வெட்ட கட்டிங் பிளேயரே போதும். முனை நசுங்கினாலும் பரவாயில்லை, எப்படியும் அதைத் தட்டத்தான் போகிறோம். ஆனால் வெட்டிய வளையத்தைத் தட்டையாக்கிவிடக் கூடாது. சுருளிலிருந்து வரும்போது ஒரு முனை சற்று மேலும் மறுமுனை சற்றுக் கீழுமாக நிற்கும். அடுத்த கட்டத்துக்கு அந்த ஏற்றத்தாழ்வுதான் உதவி.

அடுத்த கட்டத்தில் முனைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏற வேண்டும். ரிவெட் அடிக்க குறைந்தது 5 மி.மீ. மேற்படிவு வேண்டும். இரண்டு குறடுகளை வைத்துக் கையால் வளைத்துப் பார்த்தேன். ஒன்று வட்டமாக வந்தது, அடுத்தது அவரைக்கொட்டை மாதிரி வந்தது. பழைய பட்டறைகளில் இதற்குப் புனல்போலக் குறுகும் துளையுள்ள ஒரு கட்டை இருந்திருக்க வேண்டும் என்று மெயில் செய்கிறவர்கள் பரவலாகச் சொல்கிறார்கள், பயன்படுத்தியும் வருகிறார்கள். லேத் பட்டறையில் 20 மி.மீ. தடிமன் இரும்புத் துண்டில் மேல்வாய் 13.5 மி.மீ., கீழ்வாய் 11.6 மி.மீ. என்று சாய்வாகக் கடைந்து தரச் சொன்னேன். கூலி 400 ரூபாய். எதற்கு என்று கேட்டார் கடைசல்காரர். “பழைய காலத்து இரும்புச் சட்டை செய்யறேண்ணே” என்றேன். ஒரு நிமிடம் என்னைப் பார்த்துவிட்டு, “அளவு கரெக்டா சொல்லுங்க தம்பி” என்றதோடு விட்டுவிட்டார்.

வளையத்தை மேல்வாயில் போட்டு, 11 மி.மீ. ராடை அதன்மேல் வைத்து ஒரு தட்டு. கீழே விழும்போது முனைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறியபடி, உள்விட்டம் 8.4 மி.மீ. உள்ள ஒழுங்கான வட்டமாக வருகிறது. இந்த ஒரு கட்டை வந்த பிறகு வேலையின் வேகமே மாறிவிட்டது. மொத்தச் செலவில் மிக உருப்படியான செலவு இதுதான்.

சுருட்டி, வெட்டி, இறக்கியதில் கம்பி இறுகியிருக்கும். அப்படியே தட்டினால் ஓரம் வெடிக்கும். வளையங்களை ஒரு கம்பியில் கொத்தாகக் கோத்துக் கரியடுப்பில் போட்டு, பழைய ஹேர் டிரையரால் ஊதி, செக்கச் சிவந்ததும் சாம்பலில் புதைத்து விடிய விடிய ஆறவிட்டேன். அவசரப்பட்டுத் தண்ணீரில் போடாதீர்கள், மெதுவாக ஆறினால்தான் நன்றாக இளகும். கரியடுப்பு இல்லாவிட்டால் கேஸ் டார்ச்சும் ஆகும், ஆனால் கொத்தின் நடுவில் இருக்கும் வளையங்களுக்குச் சூடு சீராகப் போகாது.

தட்டுவதில்தான் நிறைய வளையங்கள் வீணாயின. இரண்டு கம்பி ஒன்றன்மேல் ஒன்றாக 3.2 மி.மீ. இருக்கும். குறைவாகத் தட்டினால் துளையிடும்போது கம்பி நழுவி உருளும், அதிகம் தட்டினால் விளிம்பு காகிதமாகி ஆணியின் விரிப்பில் கிழியும். என் அனுபவத்தில் 1.8 மி.மீ. சரியான அளவு. அப்போது மேற்படிவும் துளைக்குப் போதுமான அகலத்துக்கு வருகிறது. கண் மதிப்பில் இதைப் பிடிக்க முடியாது. பட்டடையாக வைத்திருந்த தண்டவாளத் துண்டின் மேல் இரண்டு 1.8 மி.மீ. தகடுகளை இடைவெளி விட்டு ஒட்டவைத்தேன். மேற்படிவை இடைவெளியில் வைத்து அடித்தால் சுத்தியல் தகடுகளில் தட்டி நின்றுவிடும். கொல்லர்கள் பார்த்தால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும், வளையங்கள் எல்லாம் ஒரே அளவில் வந்தன.

தட்டிய பிறகு மறுபடியும் ஒருமுறை சிவக்கக் காய்ச்சி ஆறவிட்டே ஆக வேண்டும். இதைத் தாண்டிப் போன கொத்து முழுவதும் அடுத்த கட்டத்தில் விரிசல் விட்டது.

துளையிட 1.2 மி.மீ. டிரில் பிட்டைத்தான் முதலில் எடுத்தேன். பிட்டுகள் பட் பட்டென்று ஒடிந்தன. ஒடியாமல் தப்பியவை ஓரத்துக்கு வழுக்கிப் போயின. அதைவிடப் பெரிய பிரச்சினை, டிரில் உலோகத்தை வழித்து வெளியே எடுத்துவிடுகிறது. தட்டிய அகலத்தில் துளை போக மிஞ்சுவது இரண்டு பக்கமும் ஒரு நூலிழை. இழுத்ததும் அங்கேதான் கிழிந்தது. பழைய வளையங்களை அருகில் எடுத்த படங்களில் பாருங்கள், துளையைச் சுற்றி உலோகம் பிதுங்கி நிற்கும். அவர்கள் துளைத்தார்கள், குடையவில்லை. கூரான கருவி உலோகத்தைப் பக்கவாட்டில் விலக்குகிறது, எதுவும் வீணாவதில்லை.

அதற்கான கருவி இரும்புக் கடையில் 2 ரூபாய்க்குக் கிடைக்கும் கான்கிரீட் ஆணி. அதன் முனையைக் கிரைண்டரில் குறுகிய உளி மாதிரித் தீட்டினேன், 1.5 மி.மீ. அகலம், 0.6 மி.மீ. தடிமன். தீட்டும்போது அடிக்கடி தண்ணீரில் நனைத்துக்கொள்ளுங்கள், நீலம் பாய்ந்துவிட்டால் முனை மழுங்கும். புளியமரக் கட்டையின் குறுக்குவெட்டு முகத்தில் வளையத்தை வைத்து, ஆணியை நிறுத்தி ஒரே அடி. முனையை அவ்வப்போது சோப்பில் குத்தி எடுத்தால் வழுக்கிக்கொண்டு இறங்கும். மறுபக்கம் உதடுபோலச் சின்னப் பிதுக்கம் வந்தால் துளை சரியாக விழுந்தது என்று அர்த்தம்.

ரிவெட்டுக்கு வட்ட ஆணியும் உண்டு, ஆப்பு வடிவமும் உண்டு. பிற்கால ஐரோப்பிய மெயிலில் ஆப்புதான் அதிகம், அதன் காரணம் செய்து பார்த்தபோது விளங்கியது. வட்ட ஆணி என்றால் ஒவ்வொன்றையும் ஒரே நீளத்தில் நறுக்க வேண்டும். ஆப்பு என்றால் 1 மி.மீ. தகட்டு நாடாவைத் தகரக் கத்திரியால் சாய்த்துச் சாய்த்து வெட்டிக்கொண்டே போகலாம். பிதுக்கம் உள்ள பக்கத்திலிருந்து கூர்முனையைச் செருகினால், முன்பக்கம் தலைநீட்டும் முனையை நசுக்கி மொட்டாக்கிவிடலாம். நீளம் முன்னே பின்னே இருந்தாலும் பாதகமில்லை. 16 கேஜ் கம்பியையே தட்டி நாடாவாக்கிக்கொண்டேன்.

நசுக்குவதற்குச் சுத்தியல் சரிப்படாது. வலையின் நடுவில் இருக்கும் வளையத்தைப் பட்டடையில் கிடத்தினால் பக்கத்து வளையங்கள் இடைஞ்சல். 180 ரூபாய்க்கு ஒரு குறடு வாங்கி, வாயைச் சிவக்கக் காய்ச்சி இளக்கி, ஒரு தாடையில் மட்டும் 2 மி.மீ. அகலத்தில் ஆழமில்லாத குழி போட்டு, மறுபடி காய்ச்சி எண்ணெயில் இறக்கிப் பதம் ஏற்றினேன். குழி மொட்டின் மேல் உட்கார, சமதளத் தாடை பின்பக்கம் அமர, அழுத்தினால் ‘க்ரக்’ என்று ஒரு சின்னச் சத்தம். அந்தச் சத்தம் வராமல் பிடி மெத்தென்று போனால் ஆணி மடங்கிவிட்டது, வெட்டி எறிந்துவிட்டு வேறு வளையம் எடுக்க வேண்டியதுதான். குறட்டின் கைப்பிடிகளில் அரை அடி குழாய் செருகிக்கொண்டால் மணிக்கட்டு தப்பிக்கும்.

கோப்பது ஒன்றுக்கு நான்கு முறை. ஒவ்வொரு வளையமும் மேல் வரிசையில் இரண்டையும் கீழ் வரிசையில் இரண்டையும் பிடித்துக்கொள்ளும். பழைய மெயிலில் ஒரு வரிசை மூட்டே இல்லாத முழு வளையம், அடுத்த வரிசை ரிவெட் வளையம் என்று மாறி மாறி வருவது சகஜம். இங்கிலாந்தின் யார்க் நகரில் 1982இல் கிடைத்த 8ஆம் நூற்றாண்டு கோப்பர்கேட் தலைக்கவசத்தில் கழுத்துப் பகுதி மெயில் சுமார் 2,000 வளையங்கள் கொண்டது. பற்றவைத்து மூடிய வரிசையும் ரிவெட் வரிசையும் அதில் மாறி மாறித்தான் இருக்கின்றன. இப்படிச் செய்தால் ரிவெட் வேலை பாதியாகிவிடுகிறது அல்லவா? நானும் அந்த ஆசையில் முழு வளையத்துக்குப் பதிலாக எம்6 வாஷர் அரைக் கிலோ வாங்கினேன். உள்விட்டம் 6.4, வெளிவிட்டம் 12. கோக்க முடிந்தது. ஆனால் என் வளையம் 0.57 கிராம் என்றால் வாஷர் ஒன்று ஏறக்குறைய ஒரு கிராம். விளிம்பு அகலமாக இருப்பதால் வலை மடியவும் மறுத்தது, துணி மாதிரி விழாமல் பாய் மாதிரி நின்றது. நான்கு வரிசையோடு அதைப் பிரித்துவிட்டு, எல்லாமே ரிவெட் வளையம் என்று மாற்றிக்கொண்டேன். பிற்கால மெயிலில் அந்த முறைக்கும் முன்னுதாரணம் இருக்கிறது.

கோக்கும்போது துளையிட்ட வளையத்தைப் பக்கவாட்டில் முறுக்கித் திறக்க வேண்டும், அகட்டித் திறந்தால் துளைகள் மறுபடி நேருக்கு நேர் வராது. ரிவெட் மொட்டுகள் எல்லாம் ஒரே பக்கம் பார்க்க வேண்டும். அந்தப் பக்கம் வெளியே, வழுவழுப்பான பக்கம் உள்ளே. இல்லாவிட்டால் உள்ளே போடும் சட்டை நார் நாராகிவிடும்.

முடிந்த துண்டு 14 செ.மீ.க்கு 14 செ.மீ., சுமார் 400 வளையம், 230 கிராம். ஒரு மூலையைப் பிடித்துத் தூக்கினால் குளிர்ந்த பாம்புபோல நழுவி உள்ளங்கையில் குவிகிறது. வரிசைகள் கிடையாக வரும்படி தொங்கவிட்டால் வளையங்கள் விரிந்து துண்டு நீள்கிறது. 90 பாகை திருப்பித் தொங்கவிட்டால் வளையங்கள் நெருங்கி நிற்கின்றன. சட்டை தைக்கும்போது துணிக்கு நேர்நூல் பார்ப்பதைப்போல இதற்கும் திசை பார்க்க வேண்டும் என்பது படம் பார்த்தால் புரியாது, கையில் எடுத்தால்தான் புரியும்.

கறுப்பு நீங்க, மூடி உள்ள பிளாஸ்டிக் டப்பாவில் மணலும் கொஞ்சம் வினிகரும் போட்டுக் குலுக்கினேன். ஐரோப்பியக் கோட்டைகளில் இதையே பீப்பாயில் போட்டு உருட்டியிருக்கிறார்கள். கழுவியவுடன் ஹேர் டிரையரால் உலர்த்தி எண்ணெய் பூசிவிடுங்கள். கொஞ்சம் தாமதித்ததற்கே என் துண்டில் செம்பட்டை ஏறிவிட்டது, மறுபடி டப்பா, மறுபடி குலுக்கல்.

அப்புறம் சோதனை. மடித்த கோணிச் சாக்கின் மேல் விரித்து, காய் நறுக்கும் கத்தியால் ஓங்கி இழுத்தேன். வளையத்தில் கீறல்கூட இல்லை, கத்திக்குத்தான் பல் விழுந்தது. மெல்லிய கோணூசியை வைத்து அடித்தால் வளையத்தின் கண் வழியாகவே ஓர் அங்குலம் போகிறது, பருமனாகும் இடத்தில் மாட்டிக்கொள்கிறது. சுத்தியல் அடியையோ மெயில் தடுப்பதே இல்லை, சாக்குக்கு அடியில் வைத்த செங்கல் இரண்டாகப் போனது. அதனால்தான் உள்ளே தடித்த மெத்தைச் சட்டை போட்டிருக்கிறார்கள். ‘ஆக்டன்’ என்ற அதன் பெயர் பருத்தியைக் குறிக்கும் அரபுச் சொல்லிலிருந்து வந்தது. ஸ்வீடனின் கோட்லாந்து தீவில் 1361இல் நடந்த விஸ்பி போரில் இறந்தவர்களைக் கவசத்தோடேயே பெருங்குழிகளில் புதைத்துவிட்டார்கள். அங்கே மெயில் கோய்ஃப் மாட்டியபடியே கிடைத்த மண்டையோடுகளில் ஆயுதக் காயங்கள் இருக்கின்றன. மெயில் எதைத் தடுக்கும், எதைத் தடுக்காது என்பதற்கு என் கோணூசியைவிட அவை நல்ல சாட்சி.

செலவு: கம்பி 95, கடைசல் 400, குறடு 180, கரி, கான்கிரீட் ஆணி, வினிகர், ஒடிந்த டிரில் பிட்டுகள் எல்லாம் சேர்த்து இன்னொரு 250. ஆயிரத்துக்குள் முடிந்தது. வாஷர் காசைச் சேர்க்கவில்லை, அவை வீட்டில் எதற்காவது ஆகும்.

முழுச் சட்டைக்குக் கணக்குப் போட்டால் 1.3 சதுர மீட்டருக்கு 26,000 வளையத்துக்கு மேல், 15 கிலோ. பழைய சட்டைகள் பல 10 கிலோவை ஒட்டியே இருக்கின்றன, ஆக என் கம்பிதான் தடிமன். அடுத்த துண்டு 18 கேஜில். ராடு 8.5 மி.மீ., கட்டையின் மேல்வாய் 11.5, கீழ்வாய் 9.6, தட்டும் தடிமன் 1.3. வளையம் ஒன்று 0.29 கிராமுக்குள் வரும். வளையங்களின் எண்ணிக்கை 40 சதவீதம் ஏறும், எடை 30 சதவீதம் அளவுக்கு இறங்கும். துளைக்கும் ஆணியின் முனையை 1 மி.மீ.க்குத் தீட்ட வேண்டியிருக்கும், அது ஒடியாமல் நிற்குமா என்பதுதான் சந்தேகம். ஹெச்.எஸ்.எஸ். என்ற கடினமான எஃகில் செய்த ஹேக்ஸா பிளேடு துண்டில் ஒன்று தீட்டி வைத்திருக்கிறேன். புதுக் கட்டைக்கு அளவு எழுதிக் கடைசல்காரரிடம் கொடுத்தாயிற்று.